தம்பிக்கு எந்தப் பாட்டு?



பள்ளி ஆண்டு விழா நெருங்குகிறது. மதுரையிலிருந்து திருச்சி செல்லும் சாலையில் உள்ள மேலூரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டாம் வகுப்பில் படிக்கும் தம்பி பையை வீசிவிட்டு ஓடி வருகிறான். "நாடகத்துக்கு ஆள் எடுக்கிறாங்க. திங்கட்கிழமை எல்லாரும் ஒரு பாட்டுப் பாடிக் காட்டணுமாம்!" என்கிறான். உடனே வீடு முழுவதும் யோசனைகள். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் முருகன் வேடக்காரர் பாடும் பாட்டைச் சொல்லிக்கொடுக்கலாம் என்கிறார் தாத்தா. நிலாப் பாட்டே போதும் என்கிறார் அம்மா. புதிதாக வந்த சினிமாப் பாட்டுத்தான் எடுபடும் என்கிறார் மாமா.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

"பாட்டு எப்படியிருந்தால் என்ன, நன்றாகப் பாடினால் சரி" என்று நினைக்கலாம். ஆனால் நன்றாகப் பாடுவதும் பாட முடியாமல் திணறுவதும் பெரும்பாலும் பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவாகிவிடுகின்றன. ஒரு பாட்டு இனிமையானதா என்று பார்க்குமுன், அது ஏழு வயதுத் தொண்டைக்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும். இதை ஊகிக்க வேண்டியதில்லை. அளந்தே சொல்லலாம். எப்படி என்று பார்ப்போமா?

தொண்டைக்குள் இரண்டு நாண்கள்

உங்கள் கழுத்தின் முன்பக்கத்தில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு "ஆ..." என்று சொல்லுங்கள். விரல்களில் ஓர் அதிர்வு தெரிகிறதல்லவா? அங்கேதான் குரல்வளை இருக்கிறது. அதனுள் குரல் நாண்கள் என்னும் இரண்டு தசை மடிப்புகள் உள்ளன. நுரையீரலிலிருந்து மேலே வரும் காற்று இவற்றின் இடையே புகும்போது அவை திறந்து மூடி, திறந்து மூடி அதிர்கின்றன. ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கின்றனவோ அதுவே அந்த ஒலியின் அதிர்வெண். இதை ஹெர்ட்ஸ் என்ற அலகால் குறிக்கிறோம்.

வீணைத் தந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நீளமான, பருமனான தந்தி மெதுவாக அதிரும். தாழ்ந்த ஒலி தரும். குட்டையான, மெல்லிய தந்தி வேகமாக அதிரும். உயர்ந்த ஒலி தரும். குரல் நாண்களும் ஏறத்தாழ இப்படித்தான். வளர்ந்த ஆணுக்கு இவை சுமார் 17 முதல் 25 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். பெண்ணுக்குச் சுமார் 12 முதல் 17 மில்லிமீட்டர். குழந்தைக்கு இன்னும் குறைவு. அதனால்தான் ஆண்கள் பேசும்போது நாண்கள் நொடிக்கு 100 முதல் 130 முறை வரையிலும், பெண்களுக்கு 200 முறைக்குச் சற்று மேலும், சிறு குழந்தைகளுக்கு 250 முதல் 300 முறை வரையிலும் அதிர்கின்றன.

இன்னொரு செய்தி. ஏழு வயதில் ஆண் குழந்தை, பெண் குழந்தை என்று குரல்வளையில் பெரிய வேறுபாடு கிடையாது. ஆகவே இங்கே தம்பிக்குச் சொல்வதெல்லாம் தங்கைக்கும் பொருந்தும்.

கட்டை என்பது என்ன?

மேலூர் வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் இசை நாடகம் பார்த்திருப்பீர்கள். ராஜபார்ட் ஒரு கட்டையில் பாடுவார். ஸ்திரீபார்ட் வேறொரு கட்டையில் பாடுவார். அவரவர் குரலுக்கு ஏற்ற கட்டையை ஹார்மோனியக்காரர் பிடித்துக்கொடுப்பார். இந்தக் கட்டை வேறொன்றுமில்லை, 'ச' என்னும் அடிப்படைச் சுரத்தை எந்த அதிர்வெண்ணில் வைத்துக்கொள்கிறோம் என்பதுதான்.

ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை வரிசையாக 1, 2, 3 என்று எண்ணுகிறார்கள். இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. ஆண் பாடகர்கள் பலர் 1 கட்டை, ஒன்றரைக் கட்டை என்ற அளவில் பாடுகிறார்கள். ஒன்றரைக் கட்டை என்றால் அவர்களுடைய 'ச' ஏறத்தாழ 139 ஹெர்ட்ஸ். பெண் பாடகர்கள் பலர் 5 கட்டையை ஒட்டிப் பாடுகிறார்கள். அப்போது 'ச' ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸ்.

'ச'வின் அதிர்வெண்ணை இரண்டால் பெருக்கினால் அடுத்த ஸ்தாயியின் 'ச' கிடைக்கும். ஒன்றரையால் பெருக்கினால் 'ப' கிடைக்கும். இந்த இரண்டு கணக்குகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நமக்குப் பின்னால் உதவும்.

இப்போது தம்பியின் சிக்கல் புரிகிறதா? சினிமாப் பாட்டைப் பாடியவர் வளர்ந்த ஆண் அல்லது பெண். அவருடைய கட்டை அவருடைய தொண்டைக்கு ஏற்றது. ஒலிபெருக்கியிலோ கைப்பேசியிலோ கேட்ட அதே கட்டையில் குழந்தை பாட முயல்கிறது. கீழே இறங்கும் இடத்தில் குரல் காற்றாகிப் போகிறது. மேலே ஏறும் இடத்தில் கத்தலாகிறது. கேட்பவர்கள், "இவனுக்குப் பாட்டு வராது" என்று சொல்லிவிடுகிறார்கள். அண்ணனின் சட்டையைத் தம்பிக்குப் போட்டுவிட்டு, "இவனுக்குச் சட்டையே பொருந்தாது" என்று சொல்வதைப் போன்றது இது.

அளந்து பார்ப்போம்

இதற்குப் பள்ளியிலுள்ள ஹார்மோனியம் போதும். இல்லையென்றால் கைப்பேசியில் அதிர்வெண்ணைக் காட்டும் செயலி ஏதேனும் ஒன்றைப் பயன்படுத்தலாம். காலையில் எழுந்தவுடன் செய்ய வேண்டாம். சற்று நேரம் பேசி விளையாடிய பிறகு செய்யுங்கள்.

1. முதலில் விளையாட்டாகத் தொடங்குங்கள். ரயில் ஊதுவதுபோல் "ஊ..." என்று கீழிருந்து மேலும், மேலிருந்து கீழும் சில தடவை ஒலிக்கச் சொல்லுங்கள்.

2. ஹார்மோனியத்தில் நடு 'ச'வை, அதாவது ஏறத்தாழ 262 ஹெர்ட்ஸ் தரும் 1 கட்டையை அழுத்துங்கள். "லா" என்று அதனுடன் சேர்ந்து பாடச் சொல்லுங்கள்.

3. அங்கிருந்து ஒவ்வொரு கட்டையாகக் கீழே இறங்குங்கள். குரல் தெளிவிழந்து வெறும் காற்றாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

4. மறுபடியும் நடுவிலிருந்து தொடங்கி மேலே ஏறுங்கள். தாடை தூக்கிக்கொள்வது, கழுத்து நரம்பு புடைப்பது, குரல் கத்தலாவது, இவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தவுடன் நிறுத்துங்கள்.

5. இரண்டு முனைகளிலிருந்தும் ஒவ்வொரு கட்டையைக் கழித்துவிடுங்கள். மிஞ்சியிருப்பதே தம்பி சிரமமில்லாமல் பாடக்கூடிய எல்லை.

உதாரணமாக, தம்பியின் எல்லை 220 முதல் 523 ஹெர்ட்ஸ் வரை என்று கொள்வோம். 523-ஐ 220-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.38 வருகிறது. இதைத் தம்பியின் 'வீச்சு' என்று வைத்துக்கொள்வோம். இந்த வீச்சுக்குள் அடங்கும் பாட்டுத்தான் நமக்கு வேண்டும்.

பாட்டையும் அளக்கலாம்

தொண்டைக்கு வீச்சு இருப்பதுபோலப் பாட்டுக்கும் உண்டு. பாட்டின் மிகத் தாழ்ந்த சுரம் எது, மிக உயர்ந்த சுரம் எது என்று இசை தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். அல்லது நீங்களே ஹார்மோனியத்தில் தேடிக் கண்டுபிடியுங்கள்.

தாத்தா சொன்ன மாதிரியான ஒரு நாடகப் பாட்டு கீழ் ஸ்தாயியின் 'ப'விலிருந்து மேல் ஸ்தாயியின் 'க' வரை போகிறது என்று கொள்வோம். 'ச'வை 1 என்று வைத்தால் கீழ் 'ப' 0.75, மேல் 'க' 2.5. வகுத்தால் 3.33. தம்பியின் வீச்சோ 2.38! ஆகவே எந்தக் கட்டையில் தொடங்கினாலும் இந்தப் பாட்டு ஏதாவதொரு முனையில் எல்லையைத் தாண்டிவிடும்.

சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் பாடும் 5 கட்டையில் தொடங்கினால் மேல் 'க' 490 ஹெர்ட்ஸ். அது தம்பிக்கு எட்டும். ஆனால் கீழ் 'ப' 147 ஹெர்ட்ஸ். அங்கே அவனுக்குக் குரலே வராது. ஆண்கள் பாடும் ஒன்றரைக் கட்டைக்கு ஒரு ஸ்தாயி மேலே தொடங்கினால் கீழ் 'ப' 208. மேல் 'க' ஏறத்தாழ 693. இரண்டு முனைகளுமே கை நழுவிப் போகின்றன. நன்றாகப் பயிற்சி செய்தால் வந்துவிடும் என்று ஒரு வாரம் பாடுபடுத்தினாலும் திங்கட்கிழமைக்குள் தொண்டை வளர்ந்துவிடாது!

இன்னொரு பாட்டு 'ச'விலிருந்து மேல் 'ச' வரை மட்டுமே போகிறது. அதன் வீச்சு 2. இது 2.38-க்குள் அடங்குகிறது. எந்தக் கட்டையில் பாடலாம்? கீழ் எல்லை 220 என்பதால் 'ச' அதற்குக் குறையக்கூடாது. மேல் எல்லை 523 என்பதால் 'ச' அதில் பாதியான 261-க்கு மிஞ்சக்கூடாது. ஆகவே 6 கட்டையிலிருந்து அடுத்த ஸ்தாயியின் 1 கட்டை வரை எதுவும் சரியே. நடுவிலுள்ள ஆறரைக் கட்டையைப் பிடித்தால் பாட்டு 233-க்கும் 466-க்கும் இடையே அமையும். இரண்டு பக்கமும் சற்று இடம் மிச்சமிருக்கிறது.

அம்மா சொன்ன நிலாப் பாட்டு 'ச'விலிருந்து 'ப' வரைதான் போகிறது என்றால் அதன் வீச்சு ஒன்றரையே. அதை இன்னும் பல கட்டைகளில் தாராளமாகப் பாடலாம். தாலாட்டும் குழந்தைப் பாட்டும் தலைமுறை தலைமுறையாக நிலைத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். யார் வேண்டுமானாலும் பாடலாம்!

மூச்சும் சொல்லும்

குரலுக்கு எல்லை இருப்பதுபோல மூச்சுக்கும் எல்லை உண்டு. வளர்ந்தவர் ஆழமாக மூச்சிழுத்து முழுவதையும் வெளியே விட்டால் 3 முதல் 5 லிட்டர் காற்று வரும். ஏழு வயதுக் குழந்தைக்கு ஏறத்தாழ ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர்தான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரே மூச்சில் "ஆ..." என்று சொல்லச் சொல்லுங்கள். குழந்தை 8, 10 நொடிகளில் நிறுத்திவிடும். நீங்களும் சொல்லிப் பாருங்கள், வேறுபாடு தெரியும். ஆகவே நீண்ட வரிகளும் இழுப்புகளும் உள்ள பாட்டு வேண்டாம். நான்கைந்து நொடிக்கு ஒருமுறை மூச்சு வாங்க இடம் தரும் பாட்டாகப் பாருங்கள்.

சொற்களையும் கவனியுங்கள். பொருள் புரியாத சொற்களை மனப்பாடம் செய்த குழந்தை, பயத்தில் ஒரு சொல்லை மறந்தால் பாட்டு முழுவதையும் மறந்துவிடும். பொருள் தெரிந்திருந்தால் சமாளித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டு தம்பிக்குப் பிடித்திருக்க வேண்டும். பொருந்தக்கூடிய மூன்று பாட்டுகளை எடுத்து அவன் முன் வையுங்கள். தேர்ந்தெடுப்பதை அவனிடமே விட்டுவிடுங்கள்.

ஒரே இரவில் எழுதிய நாடகம்

குழந்தைக்கு ஏற்ற பாட்டு என்பது இன்று புதிதாகத் தோன்றிய எண்ணம் அல்ல. மதுரையில் 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை' என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். நடித்தவர்கள் எல்லாரும் சிறுவர்கள். அதனால் இத்தகைய குழுக்களுக்குப் 'பாய்ஸ் கம்பெனி' என்று பெயர். சுவாமிகள் 1867-இல் பிறந்து 1922-இல் மறைந்தவர். 'தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர்' என்று போற்றப்படுபவர். மேலே சொன்ன 'வள்ளி திருமணம்' அவர் எழுதியதே. இன்றும் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் அது விடிய விடிய நடக்கிறது.

அந்தச் சபையில் சிறுவனாகச் சேர்ந்தவர்களில் ஒருவர், பிற்காலத்தில் 'அவ்வை' சண்முகம் என்று புகழ்பெற்ற தி.க.சண்முகம். அந்தச் சிறுவன் அபிமன்யுவாக நடிப்பதற்காக, 'அபிமன்யு சுந்தரி' நாடகம் முழுவதையும் பாட்டுகளோடு ஒரே இரவில் சுவாமிகள் எழுதி முடித்தார். பின்னாளில் சண்முகம் தம் 'எனது நாடக வாழ்க்கை' நூலில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். வேகமாக எழுதினார் என்பது மட்டுமா இதில் வியப்பு? பெரியவர்களின் பாட்டுக்குச் சிறுவனைப் பழக்குவதற்குப் பதிலாக, சிறுவன் கையில் எடுத்துக்கொள்ளும்படி புதிய பாட்டையே ஆசிரியர் எழுதிக்கொடுத்தார் என்பதையும் கவனியுங்கள்.

அந்நாளில் நாடகக் கொட்டகையில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசைக்கும் எட்டும்படி பாட வேண்டும். மனிதக் காது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளையே மிகக் கூர்மையாக உணர்கிறது. உயர்ந்த சுருதியில் உரக்கப் பாடும்போது இந்தப் பகுதியில் விழும் ஒலி அதிகமாகும், தூரத்துக்குக் கேட்கும். செங்கோட்டையில் 1906-இல் பிறந்து 1933-இல் 27 வயதிலேயே மறைந்த எஸ்.ஜி.கிட்டப்பா, இப்படி எட்டாத உயரத்தில் பாடிப் புகழ்பெற்றவர். ஒரு கிட்டப்பாவால் முடிந்தது என்பதற்காக எல்லாத் தொண்டைகளாலும் முடிந்துவிடாது. உங்கள் பள்ளியில் ஒலிவாங்கி இருக்கிறது. தம்பி கத்த வேண்டிய தேவையே இல்லை.

மகரக்கட்டு

பாய்ஸ் கம்பெனிச் சிறுவர்கள் மிகவும் அஞ்சிய ஒன்று உண்டு. அதன் பெயர் மகரக்கட்டு. பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் ஆண் பிள்ளைகளின் உடலில் டெஸ்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் பெருகுகிறது. குரல்வளையின் குருத்தெலும்பு வளர்கிறது. குரல் நாண்கள் நீண்டு பருக்கின்றன. சில மாதங்களில் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடுகிறது. இடைப்பட்ட காலத்தில் பேசும்போதே குரல் உடைந்து கீச்சிடும். நேற்றுவரை கைதட்டல் வாங்கிய சிறுவன் திடீரென்று பாட முடியாமல் பாத்திரத்தை இழந்து நிற்பான். பிழைப்பே அதை நம்பியிருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று எண்ணிப் பாருங்கள். பெண் பிள்ளைகளின் குரலும் இந்த வயதில் மாறுகிறது. ஆனால் இரண்டு மூன்று சுர அளவுக்குத்தான்.

இந்தச் செய்தி உங்களுக்கும் வேண்டும். நீங்கள் மகரக்கட்டு உடைந்த அண்ணனாக இருந்தால் உங்கள் குரல் இப்போது தம்பியின் குரலுக்கு ஒரு ஸ்தாயி கீழே இருக்கும். நீங்கள் பாடிக்காட்டும் சுரத்தை அவன் ஒரு ஸ்தாயி மேலே மாற்றிப் பிடிக்க வேண்டும். சிறு குழந்தைகள் பலருக்கு இது கடினம். ஆண் குரலைவிடப் பெண் குரலையோ மற்றொரு குழந்தையின் குரலையோ அவர்கள் எளிதாகப் பின்பற்றுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே பாடிக்காட்டும் வேலையை அக்காளிடமோ அம்மாவிடமோ ஒப்படையுங்கள். கட்டை பிடிக்கும் வேலையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

"பாட வராது" என்பது உண்மையா?

சுரங்களின் ஏற்ற இறக்கத்தை மூளையால் பிரித்தறிய முடியாத நிலை சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. அத்தகையோர் நூற்றுக்கு ஓரிருவரே என்று இன்றைய ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவர் இருக்கலாம். ஒருவருமே இல்லாமலும் போகலாம். அப்படியானால் "எனக்குப் பாட வராது" என்று சொல்லிக்கொள்ளும் மற்றவர்கள் யார்? அவர்களில் பலர் சிறு வயதில் பொருந்தாத கட்டையில் பாடி, யாரோ சிரித்ததால் அதோடு வாயை மூடிக்கொண்டவர்களாக இருக்கலாம். கேட்ட சுரத்தைக் குரலால் பிடிப்பது, சைக்கிள் ஓட்டுவதைப் போலப் பழகப் பழக வருகிற திறமை. ஏழு வயதில் பலருக்கு அது இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. பாடுவதை நிறுத்திவிட்டால் வளர்ச்சியும் நின்றுவிடும். ஆகவே திங்கட்கிழமை தம்பிக்கு வேடம் கிடைக்கிறதா என்பதைவிட, செவ்வாய்க்கிழமையும் அவன் பாடிக்கொண்டிருக்கிறானா என்பதே முக்கியம்.

தொண்டையையும் காப்பாற்ற வேண்டும். குழந்தையின் குரல் நாண்களில் உள்ள அடுக்குகள் முழுமை பெறப் பருவ வயது ஆகிறது. நாள்தோறும் கத்திப் பாடினால் நாண்களின் ஓரத்தில் காய்ப்புப்போலச் சிறு முடிச்சுகள் தோன்றி, குரல் கரகரத்துவிடும். பயிற்சி ஒரு வேளைக்குப் பத்து நிமிடம் போதும். இடையில் தண்ணீர் குடிக்கட்டும். மூன்று வாரத்துக்கு மேலும் குரல் கம்மியே இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பாடும் நாளில் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பயம் வந்தால் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. வாய் உலர்கிறது. மூச்சு மேலோட்டமாகிறது. இந்த நிலையில் யாரும் வழக்கத்தைவிட வேகமாகவும் உயர்ந்த கட்டையிலும் தொடங்கிவிடுவார்கள். முதல் வரி உயர்ந்துவிட்டால் மேல் சுரம் எட்டாது. இதைத் தடுக்க எளிய வழி உண்டு. ஆசிரியரிடம் கேட்டு ஹார்மோனியத்திலோ சுருதிப் பெட்டியிலோ 'ச'வை ஒலிக்கச் செய்யுங்கள். தம்பி ஒருமுறை ஆழ மூச்சு விட்டு, அந்தச் சுருதியில் "ம்..." என்று சேர்ந்துவிட்டு, பிறகு பாடத் தொடங்கட்டும்.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் குரல் எல்லையையும் மேலே சொன்ன முறையில் அளந்து ஓர் அட்டவணை தயாரியுங்கள். பெயர், வயது, கீழ் எல்லை, மேல் எல்லை, வீச்சு என்று ஐந்து பத்திகள் போதும். பிறகு எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் வீச்சைக் கண்டுபிடியுங்கள். வீட்டிலுள்ள அனைவரும் ஒரே கட்டையில் சேர்ந்து பாடக்கூடிய 'ச' ஒன்று உண்டா? இல்லையென்றால் யார் யாருக்கு எந்தக் கட்டை? ஆறு மாதம் கழித்து மறுபடியும் அளந்து பாருங்கள். வகுப்பில் மகரக்கட்டுப் பருவத்தில் இருக்கும் நண்பர்கள் இருந்தால் அவர்களுடைய வரிசையில்தான் மிகப் பெரிய மாற்றம் தெரியும்!